பதிவேட்டில் மூன்றாவது வரி

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாதா மாதம் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் மருந்தக்கா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. ஜன்னலுக்கு வரும் ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் முகமும், யாருக்கு எந்த மாத்திரை வயிற்றைப் பிரட்டும் என்பதும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கடைத்தெருவில் அவர்களில் யாராவது எதிரே வந்தால் முன்பின் தெரியாதவள் போலக் கடந்து போய்விடுவாள். அது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

எச்.ஐ.வி. சிகிச்சையில் இருக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆலோசகர்களும் கூடும் இரண்டு நாள் மாநாடு அந்த வருடம் அவர்கள் ஊரிலேயே நடந்தது. பாதியில் மருந்தை நிறுத்திவிட்டுப் போனவர்களை இவர்கள் மருத்துவமனையின் சிகிச்சை மையம் எப்படித் திரும்ப வரவழைத்தது என்று ஒரு போஸ்டர் வைக்கும்படி டாக்டரம்மா சொல்லியிருந்தார். எழுதியது மருந்தக்கா. படம் எடுத்தது மையத்தின் ஆலோசகர். எதற்கெடுத்தாலும் கேலி பேசும் மனிதர், ஆனால் அழுதுகொண்டு வருபவர்களிடம் அவரைப் போல உட்கார்ந்து கேட்க ஆள் கிடையாது. "நோயாளி முகம் ஒண்ணுகூட விழக் கூடாது தம்பி" என்று அவள் பத்துத் தடவை சொன்னதால், ஜன்னலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று முதுகுப்புறமாக எடுத்தார்.

"உங்க முகமும் விழலக்கா. போஸ்டர் தப்பிச்சுது."

அச்சகத்திலிருந்து சுருட்டி நேரே மாநாட்டு மண்டபத்துக்கே வந்துவிட்டதால், தாழ்வாரத்தில் ஒட்டியிருந்ததை அன்று காலையில்தான் முதன்முதலாக அவள் முழுசாகப் பார்த்தாள். எண் முப்பத்தேழு. நாலடி உயரம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பக்கத்தில் போய் நின்றாள். யாராவது நின்று படித்தால் தெரியாதவள் போல வேறு பக்கம் பார்ப்பதும், அவர் நகர்ந்ததும் போஸ்டரைத் திரும்பப் பார்ப்பதுமாக அரை மணி நேரம் போனது. உள்ளுக்குள் பூரிப்பு தாங்கவில்லை.

பத்து மணி சுமாருக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போஸ்டரை முகர்ந்து பார்ப்பவர் போலக் குனிந்தார்.

"இது யார் கையெழுத்தும்மா?"

"எது சார்?"

"மேசையில ரிஜிஸ்டர் திறந்திருக்கே, அது. முத்து முத்தா இருக்கு. எங்க ஆஸ்பத்திரில எழுதினவருக்கே படிக்க வராது." பாராட்டிவிட்டு அவர் முப்பத்தெட்டுக்கு நகர்ந்தார்.

மருந்தக்கா குனிந்து பார்த்தாள். கைபேசியில் பார்த்தபோது எறும்பு ஊர்ந்த தடம் போல இருந்த வரிகள் இங்கே கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. ஐந்து வரிகள். ஐந்து பெயர்கள். பெயருக்கு நேரே கணவர் பெயர் அல்லது தகப்பன் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண். எந்த எழுத்தும் எந்த எழுத்தோடும் ஒட்டாமல், அவளே ஆற அமர எழுதியவை. மூன்றாவது வரி டீச்சருடையது.

முகம் விழாமல் பார்த்துக்கொண்டவர்கள் ஊரையும் பேரையும் விழவைத்திருந்தார்கள்.

டீச்சர் மழலைப் பள்ளியில் பாடம் சொல்பவள். புருஷன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை என்றுதான் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். மாமியார், கொழுந்தன், ஆறு வயது மகள் என்று அதே வீட்டில்தான் இருந்தாள். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்து விழுங்கி வந்தாள். "தெரிஞ்சா பொண்ணை வச்சுக்கிட்டு என்னை மட்டும் வெளிய அனுப்பிடுவாங்கக்கா" என்பாள். மாநாடு என்று கேள்விப்பட்டதும், "நம்ம பேரு எதுவும் அங்க வராதே?" என்று கேட்டவளும் அவள்தான். "உன் பேரு என் தூக்கத்துல கூட வராது, போடி" என்று மருந்தக்கா சிரித்திருந்தாள்.

மருந்தக்கா போஸ்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு பல்லி மாதிரி நின்றாள். அப்படியே நின்றபடி ஆலோசகருக்குப் போன் போட்டாள். அவர் கையில் டீயோடு வந்தார்.

"என்னக்கா, போஸ்டருக்கு முட்டுக் கொடுக்கறீங்களா?"

அவள் தோளை ஒதுக்கிக் காட்டினாள். அவர் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்து, பிறகு உதிர்ந்தது.

"அக்கா... நான் ரிஜிஸ்டரைப் பாக்கவே..."

"அப்புறம் அழலாம் தம்பி. முதல்ல கழட்டுங்க."

நான்கு மூலையிலும் பசை நாடாவைப் பிய்த்து, போஸ்டரைக் கீழே இறக்கிச் சுருட்டினார்கள். "நடுவர்கள் பன்னெண்டு மணிக்கு வருவாங்களே" என்று ஏற்பாட்டுக் குழுப் பெண் ஓடிவந்தாள். "தப்பு இருக்கும்மா" என்று மட்டும் சொல்லி மருந்தக்கா சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். காலையிலிருந்து எத்தனை பேர் நின்று படித்தார்கள், எத்தனை பேர் கைபேசியில் படம் எடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். நாலு பேரா, ஆறு பேரா? அவர்கள் படிக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற தன் கண்களைப் பிடுங்கிப் போட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. தேநீர் இடைவேளையில் எல்லா போஸ்டர்களும் அரங்கத்தின் பெரிய திரையில் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன, வந்து பாருங்கள்.

அவள் ஆலோசகரைப் பார்த்தாள். "அச்சகத்துக்கு அனுப்பின அதே ஃபைலைத்தான்க்கா இங்கயும் அனுப்பினேன்."

அரங்கத்துக்குள் ஓடினாள். மேடைக்குப் பின்னால் இருந்த திரை சின்ன வீட்டின் சுவர் அளவு இருந்தது. முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. போஸ்டருக்கு அரை நிமிடம். கோப்பையும் பிஸ்கட்டுமாக நின்ற கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் மைக்கையும் திரையையும் இயக்கும் மேசைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மேசையில் இருந்தவரைப் பார்த்ததும் கால்கள் நின்றுவிட்டன. நெட்டையான ஆள், இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. முதுகு வலி என்று சொல்லி டீச்சர் ஒருமுறை இவரோடு வண்டியில் மருத்துவமனைக்கு வந்திருந்தாள். "வாசல்ல நிக்கிறாரே, அவர்தான் என் கொழுந்தன். மைக் செட் வேலை" என்று ஜன்னலில் குனிந்து கிசுகிசுத்திருந்தாள்.

திரையில் முப்பத்துமூன்று.

"தம்பி, முப்பத்தேழை எடுத்துடுங்க."

"ஏன் மேடம்?"

"எழுத்துப் பிழை இருக்கு."

"அவ்ளோதானே? ஒண்ணு குறைஞ்சாலும் கமிட்டில என்னைத்தான் புடிப்பாங்க. எங்க தப்புன்னு காட்டுங்க, நானே ஒட்டி மறைச்சிடறேன்." நல்ல மனிதர். அதுதான் வினையாகிவிட்டது. அவர் விரல் விசையில் தட்டியது. மடிக்கணினியில் முப்பத்தேழு திறந்தது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே படத்தைப் பெரிதாக்கத் தொடங்கினார். ஜன்னல் பெரிதானது. மேசை பெரிதானது.

மருந்தக்கா சுருளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் கணினித் திரையை மூடினாள்.

"என்ன மேடம் பண்றீங்க!"

"படிக்காதீங்க தம்பி. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எழுத்துப் பிழைன்னு பொய் சொன்னேன். இதுல நோயாளிங்க பேரு இருக்கு. என் தப்பு. படிச்சா அவங்க வாழ்க்கை போயிடும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மடமடவென்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். "நான் பாக்கல. நீங்களே அழிச்சிடுங்க. இடது பக்கம் முப்பத்தேழுன்னு ஒரு பெட்டி இருக்கும், அதைத் தொட்டுட்டு, மேல வலது ஓரத்துல இருக்கற கடைசி விசையை அழுத்துங்க."

அவசரத்தில் முதல் தடவை முப்பத்தாறைத் தொட்டுவிட்டாள். இரண்டாவது தடவை சரியாகத் தொட்டாள். பெட்டி மறைந்தது. பெரிய திரை முப்பத்தாறிலிருந்து முப்பத்தெட்டுக்குத் தாவியது. கூட்டத்தில் யாரும் தலை நிமிரவில்லை.

"முந்தாநாள் இதெல்லாம் அடுக்கினப்ப... பாத்தீங்களா தம்பி?"

"நூத்திப் பன்னெண்டு போஸ்டர் மேடம். நேரா இருக்கா, தலைகீழா இருக்கான்னு பாத்தேன். படிக்கவெல்லாம் இல்ல."

அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை.

மதியம் டாக்டரம்மாவைத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். என்ன வருமோ வரட்டும். அஞ்சு பேருக்கும் நாமளே சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல" என்றார்.

அந்த வாரமே ஐந்து பேரையும் வரவழைத்தார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர், "என் ஊர்ல எல்லாருக்கும் எப்பவோ தெரியும், விடுங்க" என்று எழுந்து போனார். ஒரு தம்பதி வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு வேறு மையத்துக்கு மாற்றல் கேட்டார்கள். நான்காமவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். டீச்சரிடம் மட்டும் மருந்தக்கா தனியாகச் சொன்னாள். திரையை இயக்கியது யார் என்பதையும் மறைக்கவில்லை.

டீச்சரின் உதடுகள் வெளுத்துவிட்டன.

"அவர் பாத்தாரா?"

"பாக்கலன்னு சொன்னார்."

"பாத்தாரான்னு கேட்டேன்."

"தெரியலம்மா."

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரங்கள் மருந்தக்காவுக்குச் சோறு சோறாக இறங்கவில்லை. விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதைவிட டீச்சரின் மருந்துத் தேதிதான் அவளை ஆட்டி வைத்தது. தேதி வந்தது. டீச்சர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கையில் மிச்ச மாத்திரை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாளுக்கு இருக்கும். அப்புறம் இருக்காது. ரயில் பாதை, கிணறு என்று மனசு போகக் கூடாத இடமெல்லாம் போய் வந்தது.

மூன்றாம் நாள் காலை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் நின்றாள். இளைத்திருந்தாள்.

"எங்கடி போன? உயிரே போயிடுச்சு எனக்கு."

"சொல்லிட்டேன்க்கா."

"எதை?"

"எல்லாத்தையும். மூணு வாரம் அவர் மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். டம்ளரைத் தள்ளி வச்சா, தெரிஞ்சிடுச்சோன்னு தோணும். சிரிச்சா, தெரிஞ்சுக்கிட்டே சிரிக்கிறாரோன்னு தோணும். முடியல. அத்தையையும் அவரையும் உக்கார வச்சு நானே சொல்லிட்டேன்." டீச்சர் மூச்சு வாங்கினாள். "அவருக்கு ஒண்ணுமே தெரியலக்கா. நிஜமாவே படிக்கல. நான் சொல்லித்தான் அவருக்கே தெரிஞ்சுது. போஸ்டர் விஷயத்தை மட்டும் இன்னும் சொல்லல."

"வீட்ல?"

"அத்தை இன்னும் என்கூடப் பேசல. என் தட்டைத் தனியா கழுவி வைக்கறாங்க. பாப்பாவ என்கிட்ட தூங்க விடறதில்ல. ஆனா வெளிய போன்னு சொல்லல. போன ரெண்டு நாளா அவரும் பேசல. இன்னிக்குக் காலைல வண்டியை எடுத்து வச்சுக்கிட்டு, 'அண்ணி, மருந்து தேதி தாண்டிடுச்சுன்னு சொன்னீங்களே, ஏறுங்க'ன்னார்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுடாதீங்கக்கா. கோவம் அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்மா."

"அவருக்குக் கேக்க நிறைய இருக்காம். உள்ள வரலாமா?"

ஆலோசகரின் அறைக்கு அவரைக் கூட்டிப் போக மருந்தக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். நெட்டையான மனிதர் நடைபாதை பெஞ்சிலிருந்து எழுந்தார். அவளைப் பார்த்ததும் புருவத் தழும்பு சுருங்கியது.

"நீங்களா? அன்னிக்கு என் லேப்டாப்பைக் கையால மூடினீங்களே..." சட்டென்று நிறுத்தினார். டீச்சரைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். "அந்தப் பேரு எங்க அண்ணி பேரா?"

"ஆமா தம்பி."

அடிப்பாரோ, கத்துவாரோ, அங்கேயே உட்கார்ந்து அழுவாரோ என்று மருந்தக்கா காத்து நின்றாள். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க அம்மா தட்டைத் தனியா வைக்கறாங்க," என்றார் அவர் கடைசியில். "வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்குச் சரியா தெரியல. நீங்க சொல்லிக் குடுங்க."

மருந்தக்கா ஆலோசகரின் கதவைத் தட்டினாள்.