இரண்டு வருஷத்துச் சைபர்

புற்றுநோய்க்காகக் கழுத்திலிருந்து தைராய்டு சுரப்பியை எடுத்த பிறகு, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்காவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே பரீட்சைதான். ரத்தத்தில் தைரோகுளோபுலின் எவ்வளவு என்று பார்ப்பார்கள். சுரப்பியே இல்லாத உடம்பில் அது இருக்கக் கூடாது. ஏறினால் புற்று திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டும். இரண்டு வருடமாகச் சைபர். பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கினால் அழுவாள், இப்போது அதையே வாங்கிவிட்டுச் சிரிக்கிறாள் என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை கேலி செய்வாள்.

கொட்டிய முடிக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். தினமும் காலையில் தண்ணீரோடு வந்து நிற்பாள். விழுங்கியதைப் பார்த்தால்தான் நகர்வாள். முடியும் வளர்ந்தது.

இந்த மாதம் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டர் சைபரையும் ஸ்கேன் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார். அதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். தங்கை முறைத்துக்கொண்டுதான் டப்பாவை எடுத்து வைத்தாள்.

இன்று எண் நானூற்றுப் பத்து.

"அந்த மாத்திரை புத்தை வளர்க்கலம்மா. டெஸ்ட்டை ஏமாத்திடுச்சு," என்றார் டாக்டர். "அதுல இருக்கிற பயோட்டின் ரத்தத்துல அதிகமா இருந்தா, எங்க மெஷின் இருக்கிறதையும் இல்லைன்னு காட்டும். நாங்க முன்னாடியே கேட்டிருக்கணும்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

டாக்டர் பேனாவை மூடினார். "கழுத்தோட நின்னிருக்கலாம். இப்ப நுரையீரல் ரெண்டுலயும் இருக்கு."

அக்காவுக்கு டாக்டர் மேல் கோபம் வந்தது, மெஷின் மேல் வந்தது. தங்கை மேல் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். இதைக் கேட்டால் அவள் தாங்க மாட்டாளே என்ற பயம்தான் இருந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்த தங்கை காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். உதடு கோணிக்கொண்டது.

"நிறுத்தாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? என் மாத்திரைதான்க்கா ரெண்டு வருஷமா இதைச் சைபர்ல பிடிச்சு வெச்சிருந்துச்சு. ஒரு வாரம் விட்டதும் எப்படி ஏறியிருக்கு பாரு."

அக்கா காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. இதில் பொய் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"ஆமாடி," என்றாள். "அதுதான் பிடிச்சு வெச்சிருந்துச்சு."

தங்கை அவள் தோளில் சாய்ந்து அழுதாள். நாளையிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டேன் என்று விசும்பலுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா சரி சரி என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.