மஞ்சள் கூடிப்போன சிமிழ்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தை முப்பத்தைந்து வருஷம் நடத்தியவர் சீனிவாசகம். மிஷினிலிருந்து வரும் முதல் தாளைப் பார்த்த மாத்திரத்தில், சாமி முகத்தில் சிவப்பு ஒரு இழை ஏறியிருக்கிறதென்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று வருஷமாக மறதி நோய். அச்சகத்தை மகன் பார்த்துக்கொண்டான். அவரைப் பார்த்துக்கொள்வது மனைவி ஆவுடைத்தாயின் பாடாயிற்று.

பெங்களூரில் இருக்கும் மகள் ஆர்த்திதான் போனில் ஒரு வழி சொன்னாள். "அப்பா கை சும்மா இருக்கக் கூடாதும்மா. கடைசல் மரச்சாமான் வாங்கி பெயிண்ட் அடிக்கக் குடு. கடை பெயிண்ட் வேண்டாம், நெடி தாங்காது. பால்லயே செய்யலாம்."

ஆவுடைத்தாய் கடைசல் பட்டறைக்குப் போய், வர்ணம் பூசாத குங்குமச் சிமிழும் கிண்ணமுமாக ஒரு பை நிறைய வாங்கிவந்தாள். பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தாள். திரிந்ததைக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்துக் குழைத்ததும் அது இளகி மறுபடி பாலாகவே ஆயிற்று. ஆர்த்தி அனுப்பிய வர்ணப்பொடிகளை அதில் கலந்தாள்.

முதல் சிமிழுக்குப் பச்சை. சீனிவாசகம் தூரிகையைத் தொட்டு, மரத்தில் ஒரு வளையம் இழுத்துப் பார்த்தார்.

"மஞ்ச கூடிப்போச்சு. கொஞ்சம் நீலம் விடு."

எட்டு மாதமாக அவர் வாயிலிருந்து இப்படிக் கோர்வையாக ஒரு பேச்சு வந்ததில்லை. நீலம் சேர்த்தாள்.

"இப்பச் சரி, பால்பாண்டி."

அது பழைய மிஷின்மேன் பேர். பெற்ற பிள்ளைகளின் பேரெல்லாம் போய்விட்டது. அது மட்டும் தங்கியிருந்தது. பால்பாண்டியாகவாவது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமே என்று அவள் நினைத்தாள். ஒரு மாதம் அப்படியே போனது. சிவப்பின்மேல் பச்சை பூசிக் காயவைத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, அடிச்சிவப்பு எட்டிப்பார்க்கும்போது அவர் சிரிப்பார்.

ஆடி மாதம் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற வழியில் நாத்தனார் குடும்பம் வந்து இறங்கியது. கிண்ணங்களிலெல்லாம் வர்ணம் காய்ந்து கிடந்தது. அவசரத்துக்கு ஆவுடைத்தாய் எவர்சில்வர் டம்ளரில் சுண்ணாம்புப் பாலைக் கலக்கி, அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பொடி எடுக்க உள்ளே போனாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். டம்ளர் காலி. அவர் உதட்டில் வெள்ளை.

"ஐயோ, குடிச்சீகளா?"

"சீனியே போடலையே," என்றார் அவர்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடந்தார். "சுண்ணாம்புல தொண்டை பூராவும் வெந்துபோச்சும்மா. இனிமே கஞ்சிதான், அதுவும் ஸ்பூன் ஸ்பூனா," என்றார் டாக்டர். மகன் வர்ணப்பொடி எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைவண்டியில் போட்டான். "நான்தானம்மா சொன்னேன்," என்று ஆர்த்தி போனில் அழுதாள்.

"டம்ளர்ல கலக்கச் சொல்லலையே தாயி நீ."

வீட்டுக்கு வந்தபின் அவர் பேசவே இல்லை. புரட்டாசி பிறந்தபோது, அரைகுறையாய் நின்ற ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"இது என்ன கலருங்க?"

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விருந்தாளியிடம் பேசுவதுபோலக் கம்மிய குரலில், "தெரியலையேம்மா," என்றார். "நீங்க யாரு வீட்டுல இருந்து வந்திருக்கீக?"

அவள் தன் பேரைச் சொன்னாள். மரியாதையாகத் தலையாட்டினார். அடுப்படிக்குப் போய்க் கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவதுக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.