பூசைக்கு வைத்த ஸ்பேனர்

கார் நஞ்சன்கூட்டை விட்டுக் கிளம்பியதுமே சேகரன் ஆரம்பித்துவிட்டான்.

"உங்க ஆபீஸுக்கு விண்டோஸ் எதுக்குங்கறேன்? மவுஸைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருக்கறது சின்னப் பசங்க வேலை. பழைய வேர்ட்ஸ்டார்னா கை கீபோர்டை விட்டு நகராது, கொத்தா?"

'தெரியுமா' என்பதைக் கன்னடத்தில்தான் கேட்பான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டான்.

பின்சீட்டில் இருந்த பூங்குழலி சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சேகரன் அவளுடைய அக்கா புருஷன். மைசூரில் ஏதோ ஒரு சென்டரில் கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அதற்குப் பிறகு உலகத்தில் எதைப் பற்றியும் சொல்ல ஒரு யோசனை வைத்திருப்பவன். அவள் வேலை பார்க்கும் எண்ணெய்க் கம்பெனி மேனேஜரிடமும் ஒருநாள் டீக்கடையில் இதே யோசனையைச் சொல்லியிருக்கிறான். புதிதாக வந்த கம்ப்யூட்டர், கூட வேலை பார்க்கும் ஹேமந்தின் மேசைக்குப் போயிற்று. ஏன் என்று கேட்டதற்கு, "பழசுதான் உனக்குக் கை வரும்னு உங்க மாமாவே சொன்னாரேம்மா" என்றார் மேனேஜர். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

போகட்டும், கம்ப்யூட்டர் கம்பெனியுடையது. பாட்டு அவளுடையது.

இன்று ஆறரை மணிக்கு மைசூரில், அக்கா வீடு இருக்கும் காலனியின் தசரா மேடையில் அவள் பாட வேண்டும். அதுவும் தானே கட்டிய மெட்டு. அலுவலகத்துப் பழைய பிரிண்டர் தலையை இடமும் வலமும் இழுத்து இழுத்து அடிக்கும் சத்தத்திலிருந்து ஒரு தாளம் கிடைத்தது. மாதக்கணக்காக அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள், அரிசி களைந்தாள், தூங்கினாள். வேறொருவர் காதில் அது இன்றுதான் முதன்முதலாக விழப்போகிறது. வீட்டில் முணுமுணுத்ததைக் கேட்ட சேகரன் தவிர.

"அந்த மெட்டுல ஒரு இந்திப் பாட்டோட சாயல் இருக்கு," என்றான் அவன், அவள் மனசுக்குள் எட்டிப் பார்த்தவன்போல. "நடுவுல பஜனை வாடையும் வருது. நீ யாரைக் கேட்டு வளர்ந்தியோ அவங்கதானே வருவாங்க? தப்பில்ல."

"எங்க ஆபீஸ் பிரிண்டரைக் கேட்டு வளந்தனுங்க மாமா."

முன்னால் தன் டாக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா மல்லப்பன் சிரித்தார். சேகரன் சிரிக்கவில்லை.

கடகோளா தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சொலி கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் ஆவி பொங்கிற்று. அப்பா அம்பாசடரை ஓரம் கட்டினார். முகப்பில் கட்டியிருந்த வாழைக்கன்றுகள் இரண்டும் ஆவியில் நனைந்து தொங்கின.

"ரேடியேட்டர் லீக்கு," என்றான் சேகரன் இறங்காமலே. "மஞ்சப்பொடி போட்டா அடைச்சுக்கும். எங்காவது ஒரு வீட்ல கேளுங்க."

"லீக்கே இல்லீங்க மாப்ளே. டைனமோ போல்ட்டு லூஸாகி பெல்ட்டு தொளதொளங்குது. ஃபேன் சுத்தலீங்க. இழுத்துப் புடிச்சு ஒரு முறுக்கு முறுக்குனாப் போதும்." அப்பா டிக்கியைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

டிக்கி காலியாக இருந்தது. ஸ்பேனர், ஜாக்கி, கட்டிங் பிளேயர் எல்லாம் வீட்டில், சாமுண்டி படத்துக்கு முன்னால், சந்தனமும் பூவும் பொரியுமாக உட்கார்ந்திருந்தன. ஆயுத பூசை. பூசைக்கு வைத்ததை மறுநாள் காலைப் படையல் முடியாமல் தொடக்கூடாது. டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் வருஷத்தில் இந்த ஒருநாள், வண்டிக்கு மாலை போட்டு, வண்டியில் ஒரு ஸ்பேனர்கூட இல்லாமல் ரோட்டுக்கு வருகிறார்கள்.

மைசூர்ப் பக்கம் போன பஸ்கள் படியிலும் மேலேயும் கூட்டத்தோடு நிற்காமல் போயின. அவள் கை காட்டியதை டிரைவர்கள் பார்க்கவே இல்லை.

எதிரே ஒரு ஷெட் இருந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு. உள்ளே ஒரு பலகையில் ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, செவ்வந்தி தூவியிருந்தது. மெக்கானிக் லிங்கப்பன் வெள்ளை வேட்டியோடு நாற்காலியில் இருந்தார்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஸ்பேனர் நாளைக்குத்தான். தேவரு முந்தே, சாமி முன்னால வச்சிருக்கேன்."

"ஒரே ஒரு முறுக்குங்க," என்றாள் பூங்குழலி.

"ஒண்ணுன்னாலும் அதேதான்மா."

அப்பா தலையாட்டினார். அவர் வீட்டுப் பலகையும் அப்படித்தானே. அவருக்கு அதில் வாதாட ஒன்றும் இல்லை.

சேகரன் மெல்ல வந்து பக்கத்தில் நின்றான். "எதுக்குப் பதட்டம்? லேட்டானா ஆகட்டும். நான் ஏற்கெனவே கமிட்டி சீனுகிட்டப் பேசிட்டேன். சொந்த மெட்டை யார் கேப்பா? ஜனம் எழுந்து போயிரும். ஒரு சினிமாப் பாட்டு சொல்லி வச்சிருக்கேன். கீபோர்டுக்காரனும் அதைத்தான் பிராக்டிஸ் பண்ணியிருக்கான். எல்லாம் உன் நல்லதுக்குத்தான், கொத்தா?"

நூலகத்திலிருந்து பூங்குழலி எடுத்துவரும் வெளிநாட்டு நாவல்களில் கோபம் வந்தவர்கள் பனியில் இறங்கி நடந்து போய்விடுவார்கள். இங்கே பனியும் இல்லை, நடந்து போகிற தூரத்தில் மேடையும் இல்லை. பலகைதான் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அதனிடம் போனாள். பூவை ஒதுக்கினாள். டைனமோ போல்ட்டுக்கு ஆகிற மாதிரித் தெரிந்த ஒன்றை எடுத்தாள்.

"அய்யய்யோ, முட்டபேடம்மா, தொடாதே!" லிங்கப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"காருக்கும்தானுங்க பூசை போட்டிருக்கு. அது ஓடலீங்களா? என்ற தொண்டையைக்கூடத்தான் நேத்து அம்மா சாமிகிட்டச் சொல்லி வேண்டுச்சு. அதுக்காக நாளைக்கு வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கறதுங்களா?"

அவள் ஸ்பேனரைச் சேகரனிடம் நீட்டினாள். "புடிங்க மாமா. எல்லாந் தெரிஞ்சவருங்கல்ல? முறுக்குங்க."

சேகரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "பூசையில வச்சதை... வேண்டாம் குழலி. குடும்பத்துக்கு ஆகாது."

"அப்பறம் எனக்கு என்ன ஆகும்னு மட்டும் எப்படீங்க தெரியுது உங்களுக்கு?"

அப்பா லிங்கப்பனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பலகைக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "குடு அம்மிணி, பாவம் என்னோட போவட்டும்" என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

மேடைக்கு வந்து சேர்ந்தபோது அவள் பெயரை இரண்டாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் குங்குமமும் கிரீஸும் ஒன்றாகக் குழைந்திருந்தன. கழுவ நேரமில்லை. அப்படியே மைக்கைப் பிடித்தாள்.

கீபோர்டுக்காரன் சினிமாப் பாட்டின் முன்னிசையை எடுத்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் முடித்து, நிமிர்ந்து பார்த்து, மறுபடி முதலிலிருந்து எடுத்தான். அப்போதும் அவள் சும்மா நின்றாள். கூட்டத்தில் சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். கடைசியில் அவன் கையை எடுத்துவிட்டான்.

அவள் தன் பாட்டைத் தொடங்கினாள். பக்கவாத்தியம் இல்லாமல், காலால் மேடைப் பலகையைத் தட்டி, இடமும் வலமும். மெதுவாகப் பாடக் கட்டிய பாட்டு, கோபத்தில் ஓடிற்று. ஓர் இடத்தில் சுருதி வழுக்கியது, அவளுக்கே தெரிந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். கூட்டத்திலிருந்து ஒருவன், "சினிமாப் பாட்டு பாடும்மா!" என்று கத்தினான்.

ஓரத்தில் நின்ற சேகரன், 'நான் அப்பவே சொன்னேன்' என்கிற முகத்தோடு பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஒலிபெருக்கி அவன் தலைக்கு மேலேயே கட்டியிருந்தது.

பூங்குழலி மைக்கை இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் சரணத்தை உரக்க எடுத்தாள்.