கணவாய் ஏற்றத்தில் மேபிள்

லியோட்டாவின் குதிரை மேபிள் காலையிலிருந்து தீனி தொடவில்லை. படுப்பதும் புரள்வதுமாக இருந்தது. குடல் முறுக்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை செய்தால்தான் பிழைக்கும் என்றார் உள்ளூர் கால்நடை மருத்துவர். அந்த வசதி மலைக்கு அந்தப் பக்கம், ஷெரிடன் ஊரில்தான் இருந்தது. லியோட்டா அதை டிரெய்லரில் ஏற்றினாள். அக்கா வெர்னா தன் பிக்கப் வண்டியில் டிரெய்லரைக் கோத்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பாதி ஏற்றம்கூடத் தாண்டவில்லை. கியர் ஆயிலின் சூட்டைக் காட்டும் எண் மளமளவென்று ஏறியது. வெர்னா ஏசியை அணைத்தாள், கியரைக் குறைத்தாள், வண்டியை ஊர விட்டாள். எண் இருநூற்று நாற்பது பாரன்ஹீட்டைத் தாண்டியது. கருகல் வாடை வந்தது.

"நிறுத்தப் போறேன்," என்றாள்.

"இப்பவா? பின்னாடி அது சாகுது, வெர்னா."

"கியர் வெந்து போச்சுன்னா இங்கேயே கிடக்க வேண்டியதுதான். நீ மேபிளைத் தோள்ல தூக்கிட்டுப் போவியா?"

லியோட்டா பின்பக்கம் காதை வைத்தாள். அதுவரை டிரெய்லர் பலகையில் கேட்டுக்கொண்டிருந்த குளம்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

சாலையோரம் அகலமான இடத்தில் வெர்னா ஒதுங்கினாள். இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். அணைத்தால் ஆயில், அதை ஆற்றும் கூலருக்குள் ஓடாது, ஆறவும் ஆறாது என்றாள். லியோட்டா டிரெய்லருக்கு ஓடினாள். மேபிள் நின்றுகொண்டுதான் இருந்தது. உடம்பெல்லாம் வியர்வை, கால்கள் நடுங்கின.

வெர்னா முன்பக்கக் கம்பிகளுக்குள் எட்டிப் பார்த்தாள். ரேடியேட்டருக்கு முன்னால் அவளே மாட்டிய கூலர் கண்ணிலேயே படவில்லை. புல்வெளிச் சாலையில் மோதிய வெட்டுக்கிளிகள் அதன்மேல் அடையாக அப்பியிருந்தன. காற்று நுழைய வழியே இல்லை.

தண்ணீர் என்று இருந்தது குதிரைக்கு வைத்திருந்த கேன் மட்டும். லியோட்டா தயங்கினாள்.

"டாக்டர் அதுக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. ஊத்து," என்றாள் வெர்னா.

லியோட்டா கூலர்மேல் ஊற்ற ஊற்ற ஆவி எழுந்தது. மேபிளைத் தேய்க்கும் பிரஷால் வெர்னா பூச்சிகளை வழித்துத் தள்ளினாள், விரல் சுட்டது. எண் இறங்கத் தொடங்கியது, ஆனால் சோம்பலாக. இருநூற்றிருபதிலேயே கிளம்பலாம் என்று லியோட்டா நச்சரித்தாள். இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றாள் வெர்னா. சொன்னாளே தவிர, அவள் காதும் டிரெய்லர் பக்கமே இருந்தது. உள்ளே மேபிள் முனகியது. எண் இருநூறுக்குக் கீழே வந்ததும் கல்லை எடுத்தார்கள்.

உச்சிவரை இருவர் கண்ணும் அந்த எண்ணைவிட்டு நகரவில்லை. அது ஏறி, தயங்கி, பிறகு மேலே போகாமல் நின்றது.

ஷெரிடன் மருத்துவமனையில் மேபிள் தள்ளாடித்தான் இறங்கியது, ஆனால் தன் காலால் இறங்கியது. சாயங்காலம் மருத்துவர் வெளியே வந்து, முறுக்கைப் பிரித்துவிட்டோம், எழுந்து நிற்கிறது என்றார். லியோட்டா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் வெர்னா பழைய கியர் ஆயிலை இறக்கினாள். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி நிறத்தில், கருகிப்போய் வந்தது. லியோட்டா பக்கத்தில் குந்தி அதையே பார்த்தாள்.

"திரும்பறப்ப எங்க வேணா நிறுத்து, எத்தனை தடவை வேணா நிறுத்து," என்றாள். "நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயா?" என்றாள் வெர்னா.