செம்புக் கிரீஸ்

ஆறாவது பைப்பு வரைக்கும் பக்கிரிக்கு ஒரு வம்பும் இல்லை. மோட்டாரை வெளியே எடுக்கச் செயின் பிளாக் இழுக்க இழுக்க, போர்வெல்லிலிருந்து ஜி.ஐ. பைப்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ரெஞ்சைப் போட்டதும் மரை சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்றது. மேலே பூசிய துத்தநாக முலாம்கூடப் போகவில்லை. ஏழாவதில்தான் பிடித்தது சனியன். சுத்தியலால் தட்டி, தொங்கி, ஐம்பத்தெட்டு வயதுத் தோளெலும்பு கழன்றுவிடும்போல ஆன பிறகு அசைந்து கொடுத்தது. உள்ளே செக்கச்செவேலென்று துரு. நடுவே பழைய செம்புக் கிரீஸின் பிசிறு.

அது மங்கலம்பேட்டை சிநேகிதன் சாதிக் கல்ஃபிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவரும் டப்பா. அதைப் பூசினால் நெருப்பில் வெந்த போல்ட்டுகூட இறுகாதாம். பக்கிரி அதைக் கண்ட கண்ட போருக்குப் போடமாட்டார். ஆறு வருஷத்துக்கு முன் இந்தப் பொம்மைக் கம்பெனிக்கு மோட்டார் இறக்கியபோது, முதலில் இறங்கி அடிக்குப் போன ஆறு பைப்புக்கு அதைத்தான் வழித்து வழித்துப் பூசினார். டப்பா காலியானதும் மிச்ச ஆறுக்கும் சாதா கிரீஸ். செம்பையும் துத்தநாகத்தையும் தண்ணீரில் சேர்த்துவைத்தால் செம்பு துத்தநாகத்தைத் தின்றுவிடும் என்று ஒரு கடைக்காரர் சொன்னதுண்டு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும் என்று அன்றைக்குச் சிரித்தார்.

பன்னிரண்டாவது பைப்பு கனமே இல்லாமல் வந்தது. அடிமரை அரித்து உதிர்ந்திருந்தது. மோட்டாரைக் கட்டியிருந்த கயிறும் அறுந்து, மோட்டார் அடியில் போய் மாட்டிக்கொண்டது. இனி இந்தப் போர் உதவாது. செராமிக் தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனியை நடத்தும் பெரியநாயகிக்கு இருக்கிற ஒரே தண்ணீர் இதுதான். தண்ணீர் இல்லாவிட்டால் மண் கரைக்க முடியாது, எட்டுப் பெண்களுக்கு வேலை கிடையாது.

பெரியநாயகி குனிந்து துருவைத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் உப்புத்தண்ணி பண்ற வேல. நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?"

தப்பிக்க வழியை அவளே திறந்துவிட்டாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகு எட்டு வருஷம் தாங்கும். தலையை ஆட்டினால் போதும். பக்கிரிக்கு உடம்பெல்லாம் அசதி. தலையை ஆட்டுவதற்கான தெம்புகூட இல்லை.

"தண்ணி இல்லம்மா. அதே தண்ணியிலதான் இந்த ஆறு பைப்பும் கெடந்துது, பாருங்க. மத்த ஆற நான் போட்ட செம்புக் கிரீஸு தின்னுருக்குது. நல்லதுன்னு நெனச்சிதான் போட்டேன்."

அவள் வெள்ளையாக இருந்த ஆறு பைப்பையும் சிவந்துபோன ஆறையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றார். திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இன்னும் யார் யார் வூட்டுக்குப் போட்டிருக்கீங்க?"

"வேண்டியவங்களுக்கு மட்டுந்தான்."

ஷெட்டுக்குள் இருந்த பெண்கள் ஆளுக்கொரு குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக் குழாய்க்கு நடந்தார்கள். பக்கிரி போனை எடுத்து, வேப்பூரில் வாக்கப்பட்டிருக்கும் மகள் இளமதியின் பெயரைத் தேடினார். அவள் வீட்டுப் போருக்கும் மோட்டார் இறக்கியது அவர்தான். துருவும் எண்ணெயும் அப்பியிருந்த விரலுக்குத் திரை நகரவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்.