கை தவறாத சாவி

லின்சி காரருகே போனதும் சாவியைக் கீழே போட்டாள். சமையலறை ஜன்னலுக்குள் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்த அவள் அம்மா ஐரிஸ் அதைப் பார்த்தாள். சாவி கை தவறி விழவில்லை, போட்டாள். எடுக்கிற சாக்கில் ஒரு முழங்காலைச் சரளைக்கல்லில் ஊன்றி, தலையைச் சாய்த்து, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் காரின் அடியை ஒரு நோட்டம் விட்டாள். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி முட்டியைத் தட்டிக்கொண்டாள். ஐரிஸின் கையிலிருந்த கோப்பை தொட்டிக்குள் விழுந்து உடைந்தது.

வேறு ஊர்க்காரி யாராவது பார்த்திருந்தால், பாவம், கவனமில்லாத பெண் என்று நினைத்திருப்பாள். வட அயர்லாந்தில் அப்படிச் சாவி போடுகிறவர்கள் யாரென்று ஐரிஸுக்கு நன்றாகவே தெரியும். அவள் புருஷன் மெர்வின் போலீஸில் இருந்த காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் போட்டார். போலீஸ்காரன் என்றால் லண்டனின் கையாள் என்று பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த துப்பாக்கிக்காரர்கள் கங்கணம் கட்டிக்கொண்டு திரிந்த காலம். காந்தம் பொருத்திய ஒரு சின்ன டப்பாவைக் காருக்கடியில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கார் அசைந்தால் போதும், வெடித்துவிடும். அதனால் மெர்வினின் பச்சைச் சீருடைச் சட்டையை ஐரிஸ் ஒருநாளும் வெளிக்கொடியில் காயப்போட்டதில்லை. அப்பா என்ன வேலை என்று யாராவது கேட்டால் ரொட்டி வண்டி ஓட்டுகிறார் என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தாள்.

ஒரே ஒருநாள் மெர்வின் சாவியைப் போடவில்லை. அன்றைக்கு லின்சிக்கு ஞானஸ்நானம். முந்தின நாள் பெய்த மழையில் வாசலெல்லாம் சேறு, அவர் போட்டிருந்ததோ புதுக் கால்சட்டை. "இந்தச் சேத்துல மண்டி போட்டுட்டு கோயிலுக்குப் போனா போதகர் என்னை உள்ளயே விடமாட்டார்டி" என்று சிரித்துக்கொண்டே காரை எடுக்கப் போனார். ஐரிஸ் குழந்தைக்குத் தொப்பி கட்டிக்கொண்டிருந்தாள். கதவுக் கண்ணாடி மொத்தமும் உள்ளே வந்து கொட்டியது. மெர்வினுக்கு இடது கால் போயிற்று.

பிறகு சமாதானம் வந்தது, கைகுலுக்கல்கள் வந்தன. இவர்கள் வேறு ஊருக்குக் குடிவந்தார்கள். எல்லாம் ஒழிந்தது என்றுதான் ஐரிஸ் நம்பியிருந்தாள். ஒன்றிரண்டு கும்பல்கள் இன்னும் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை என்று செய்தியில் சொன்னால் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

"அம்மா, கையக் கிழிச்சுக்காத. தள்ளு, நான் பொறுக்கறேன்." சத்தம் கேட்டு லின்சி உள்ளே வந்து குனிந்தாள்.

ஐரிஸ் தள்ளி நின்றாள். "இன்ஷூரன்ஸ் ஆபீஸ் எப்படிடி போகுது?"

"அதே ஃபைலு, அதே மூஞ்சிங்கதான். எங்க மேனேஜரம்மா அவ பூனைக்குப் பொறந்தநாள்னு கேக் வெட்டினா, கேட்டியா?"

அந்தப் பூனைதான் ஐரிஸிடம் காட்டிக்கொடுத்தது. ரொட்டி வண்டி என்று மொட்டையாகச் சொல்லாதே, மிச்சமான திராட்சை ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவார் என்றும் சேர்த்துச் சொல், அப்போதுதான் நம்புவார்கள் என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கால் போன பிறகும், வண்டி கவிழ்ந்தது என்று சொல்லச் சொன்னாள். பாவி, இப்போது அந்த வித்தையை என்னிடமேவா? கத்த வேண்டும்போலவும் இருந்தது, பிடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. மகளும் போலீஸில்தான் என்று மெர்வினுக்குத் தெரிந்தால் மனுஷர் தாங்கமாட்டார், கதவு படாரென்று சாத்தினாலே வெலவெலத்துப் போகிறவர். மகன் கேரியின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அது முடியட்டும், அப்புறம் லின்சியை உட்கார வைத்துக் கேட்போம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு காலை மழை தூறியது. மெர்வின் அன்றைக்குச் சீக்கிரமே உடுத்திக்கொண்டு, ரோஜாச்செடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய்க்காலும் கைத்தடியுமாக வெளியே போய்வந்தார். வந்ததிலிருந்து மடிமேல் மேல்கோட்டை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐரிஸு, இன்னும் தொப்பிய வெச்சு முடியலயா? எனக்கு ஒரு கால்தான், நானே ரெடி."

"பேசாம இருய்யா."

லின்சி சந்தன நிறத்தில் நீளமான உடுப்புப் போட்டிருந்தாள், அழகாக இருந்தாள். "நான் காரை எடுக்கறேன், வாங்க" என்று குடையோடு இறங்கினாள். ஐரிஸ் வாசலில் நின்று பார்த்தாள். லின்சி கார் பக்கத்தில் நின்றாள். தரையைப் பார்த்தாள், சேறு. தன் உடுப்பைப் பார்த்தாள். சாவி கையிலேயே இருந்தது. கதவைத் திறக்கக் கையை நீட்டினாள்.

"லின்சி! தொடாதடி!"

அது தன் குரல்தானா என்று ஐரிஸுக்கே தெரியவில்லை. தொப்பி விழுந்ததைக்கூட உணராமல் ஓடினாள். நல்ல உடுப்போடு சேற்றில் மண்டிபோட்டு, கன்னம் ஈரச் சரளையில் படக் குனிந்து பார்த்தாள். கண்ணில் நீர் மறைத்தது. ஒரே இருட்டு. இரும்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா..." லின்சியின் முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு எப்படி..."

"பேசாத. பின்னாடி போ."

சரளையில் கைத்தடிச் சத்தம் கேட்டது. ஐயோ, இப்போது இவருக்கும் தெரிந்துவிடுமே. அவருடைய சப்பாத்துகள் தலைமாட்டில் வந்து நின்றன. மெதுவாக நிமிர்ந்தாள். மேல்கோட்டு இப்போது அவர் கையில் இருந்தது. கால்சட்டையின் இரண்டு முட்டியிலும் சேறு, பாதி காய்ந்திருந்தது.

"முன்பக்கம் நான் பாத்துட்டேன்" என்றார் மெர்வின், தாழ்ந்த குரலில். "பின் சக்கரத்துக்கு உள்பக்கம் பாரு ஐரிஸு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் என்னால குனிய முடியல."

ஐரிஸ் முழங்காலால் நகர்ந்து பின் சக்கரத்தை நோக்கிப் போனாள். பக்கத்தில் குடை மல்லாந்து விழுந்தது. சந்தன நிற உடுப்பு சேற்றில் புரள, லின்சி அவளை முந்திக்கொண்டு காருக்கடியில் தலையை விட்டாள்.