மேஜரின் வயிற்றில் நாலு பல்

மாட்டாஸ்பத்திரி மேசைமேல் மல்லாந்து கிடந்த மேஜரின் வயிற்றை டாக்டர் அப்துல் ரஹீம் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பார்த்தார். பேட்ரிசியா நாயின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இரைப்பையில கெட்டியா தட்டுப்படுதும்மா. என்னத்த முழுங்குச்சு?"

"எங்கப்பாவோட பொய்ப்பல்லு, டாக்டர். முன்பல்லு நாலும்."

"அவரு வரலியா?"

"விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாரு."

டாக்டரின் கை வயிற்றின் மேலேயே நின்றது. வாசலில் ஒரு காளை தன் முறைக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

அப்பா பிலோமின்ராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். மெட்ராஸில் கட்டிக்கொண்ட அந்தப் பல் இல்லாமல் பாலக்கரையில் யாருக்கும் அவர் வணக்கம்கூடச் சொன்னதில்லை. இரவு மட்டும் கழற்றி, கட்டிலடியில் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுவார். இன்று காலை அழுகைச் சத்தத்தில் மிரண்ட மேஜர் கட்டிலடிக்கு ஓடியது. டம்ளர் உருண்டது. பல்லைக் காணோம், மேஜர் விக்கிக்கொண்டிருந்தது. பேர்தான் மேஜர். பூனையைக் கண்டாலும் அதற்குக் கட்டிலடிதான்.

சாவு வீட்டு நிர்வாகம் அற்புதசாமி மாமாவுடையது. தபாலாபீஸ் சூப்பரிண்டெண்டாக ரிட்டையரானவர். குரல் மட்டும் இன்னும் ரிட்டையராகவில்லை. நாலு மணிக்குப் பெட்டியை மூடுமுன் குடும்பத்தோடு போட்டோ என்று ஏற்பாடு.

"உதடு உள்ள போன மூஞ்சியோடவா என் மச்சான போட்டோ புடிக்கிறது? நம்ம கௌரவம் என்னாவறது? நாய அறுத்தாவது எடுத்துட்டு வா!" என்று சொல்லித்தான் பேட்ரிசியாவை ஜட்காவில் ஏற்றினார்.

"அறுத்து எடுக்கலாமா டாக்டர்?"

"எடுக்கலாம். வயித்தப் படம் புடிச்சுப் பாத்துட்டு அறுத்தா நல்லது. மெஷின் புத்தூர்ல மனுஷங்க ஆஸ்பத்திரியிலல்ல இருக்கு, நம்ம மேஜர உள்ள விடுவாங்களா? நம்ம எக்ஸ்ரே இதுதான்," என்று விரல்களைக் காட்டினார். "என்ன வயசு?"

"நான் ஸ்கூல் போறப்ப வந்த நாய்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "நெஞ்சு சத்தம் சரியில்ல. குளோரோஃபார்ம் குடுத்தா கெழவன் எழுந்திருப்பான்னு நான் சொல்லமாட்டேன். விட்டுப் பாருங்க. ரொட்டி, சோறு குழைச்சுப் போட்டா நாளைக்கோ மறுநாளோ தானா வெளிய வந்துரும். வாந்தி எடுத்தா ஒடனே தூக்கிட்டு வாங்க."

"நாலு மணிக்குள்ள வராதா?"

"அத மேஜரத்தான் கேக்கணும்."

பேட்ரிசியா நாயைப் பார்த்தாள். ஒருமுறை ஜன்னல் வழியாக அவள் பார்த்தது உண்டு. அப்பா பல்லைக் கழற்றி வைத்துவிட்டு, டீயில் நனைத்த பிஸ்கெட்டை மேஜரோடு பாதிப் பாதியாகத் தின்றுகொண்டிருந்தார். மேஜர் தும்மியது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார், பல் விழுந்த ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி. மகள் நிற்பதைக் கண்டதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாய்க்கு முன்னால் அவர் பொத்தியதேயில்லை.

"வேணாம் டாக்டர்," என்று மேஜரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

வீட்டு வாசலிலேயே மாமா பிடித்துக்கொண்டார். "வெறுங்கையோடவா வந்த? கேவலம் ஒரு நாய்க்காக, பெத்த அப்பன..."

காலையிலிருந்து பெட்டியின் தலைமாட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா லூர்துராணி நிமிர்ந்தாள்.

"அண்ணே, ஒங்களுதும் கட்டுன பல்லுதான? கழட்டிக் குடுங்க. போட்டோ முடிஞ்சதும் கழுவித் தந்துடறேன்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு "யாரும் அசையாதீங்க" என்றபோது, மாமாவின் உதடுகள் அப்பாவுடையதைவிட இறுக்கமாக மூடியிருந்தன. அசைந்தது பெட்டிக்கடியில் படுத்திருந்த மேஜரின் வால் ஒன்றுதான்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் பேட்ரிசியா ரொட்டியைப் பாலில் குழைத்து வைத்தாள். மேஜர் முகர்ந்தது, வெறும் கட்டிலைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது.

அம்மா ஒரு டம்ளர் டீயோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். பிஸ்கெட்டை நனைத்து, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மீதியை நீட்டினாள். மேஜர் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, வாங்கித் தின்றது.

பிறகு அம்மா மூலையில் கிடந்த கண்ணாடி டம்ளரைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கட்டிலடியில் அதே இடத்தில் வைத்தாள்.